லாரி முகப்பில் நின்ற முன்கள வீரர்

நாமக்கல் பட்டறையில் நண்பரின் புது லாரிக்கு முகப்புப் படம் வரைய வேண்டியிருந்தது. "எந்த லாரியிலயும் இல்லாத புனிதரா ஒருத்தரச் சொல்லுங்க, வாத்தியாரே" என்றார். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன்; என் குறும்புப் புத்தி ஓய்வுபெறவில்லை. அந்தக் காலத்து ஜெர்மானியக் கால்பந்து முன்கள வீரர் ஒருவரின் படத்தைப் போனில் எடுத்துக் கொடுத்தேன். வழுக்கைத் தலையை அண்ணாந்து, கைகளைக் கூப்பி நிற்கும் படம். ஓவியர் பனியனை அங்கியாக்கி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டார்.

நண்பரின் மனைவி புனிதரின் வரலாற்றைக் கேட்டார். பந்தை மட்டும் விட்டுவிட்டு, இருந்ததை அப்படியே சொன்னேன். சுரங்கத் தொழிலாளியின் மகன். போரில் கைதியாகி, எலும்பும் தோலுமாகத் திரும்பியவர். பிறகு போன ஊரிலெல்லாம் கூட்டம் எழுந்து நின்றது. தன் முழங்காலை உடைத்தவனுக்கும் கைகொடுத்தார். கடைசிக் காலத்தில் பெட்ரோல் பங்க் நடத்தினார்.

"பங்க்குங்களா! அப்ப லாரிக்காரங்க புனிதரேதானுங்க" என்று கும்பிட்டார். சேலம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன்.

அவர்களுக்குப் பேரன் பிறந்ததும் சிரிப்பு அடங்கியது. "அந்தப் புனிதருகிட்டத்தானுங்கண்ணா வேண்டிக்கிட்டேன். பையனுக்கு அவரு பேருதான். நீங்கதான் ஞானத்தகப்பன்" என்றார் நண்பரின் மனைவி. பிள்ளையில்லாத என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் குழந்தை என் கையில். ஆனால் பொய்யில் குளிப்பாட்டிய பெயரோடு.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் புதுச்சத்திரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"அம்மிணி, அவரு புனிதரு இல்லீங்க. ஜெர்மனியில பந்து ஆடுனவரு."

"அப்ப அண்ணாந்து கும்புடறாரே?"

"கோல் போச்சுங்க. அடிச்ச பந்து வெளிய போயிருச்சு."

நண்பர் வெடித்துச் சிரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தெனமும் மெழுகுவத்தி ஏத்துனனே! அந்த மனுசனுக்கு எத்தன கூச்சமா இருந்திருக்கும்? அவரு ஒரு பொய்யும் சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க."

குழந்தைக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயரை வைத்தார்கள். ஞானத்தகப்பனாக நண்பரின் தம்பி நின்றார். நான் கடைசி பெஞ்சிலிருந்து அழுகையை மட்டும் கேட்டேன்.

கோயில் வாசலில் லாரி நின்றது. ஒளிவட்டம் இல்லை, காலடியில் புதிதாக ஒரு பந்து. "ஆள அழிக்க அவளுக்கு மனசு வல்லீங்க" என்றார் நண்பர்.

விருந்தில் அந்த அம்மாளே பரிமாறினார். என் இலையில் விழுந்த பிரியாணியைக் கிளறிப் பார்த்தேன். ஒரு துண்டு கறி இல்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"கோல் போச்சுங்கண்ணா" என்று சொல்லி அடுத்த இலைக்குப் போனார்.