மூக்கை அளந்தவரும் கிணற்றில் இறங்கியவர்களும்

கிட்ட வந்து உக்காருங்க, சாமி. ஆராய்ச்சி செய்கிறவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற பிழைப்பில் மாட்டைவிட வண்டிக்காரன் வாய்க்குத்தான் அலைச்சல் அதிகம். வண்டி பூட்டிப் பிழைத்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

நாமகிரிப்பேட்டையிலிருந்து அவர்களை நான் கூட்டிப்போனது மலைக்கரட்டோரத்து ஊர் ஒன்றுக்கு. அங்கே ஊர்க்கிணறு தூர்ந்து கிடந்தது. மேல வளவு, கீழ வளவு என்று ஊரில் இரண்டு தெரு; கோயில் நோம்பித் திருவிழாவில் இரண்டுக்கும் சண்டை. தூர்வார முதலில் இறங்குகிறவன் தோற்றவன் என்று இரண்டு பக்கமும் வீம்பு. பெண்கள் அடுத்த ஊருக்குக் குடம் தூக்கிப் போய், ஏச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் கொண்டுவருவார்கள்.

மூக்கு

முதலில் வந்தவர் கோட்டுப் போட்ட ஐயா. யார் எந்த வம்சம் என்று கண்டுபிடிக்கவேண்டுமாம். இடுக்கி மாதிரி ஒன்றை வைத்து எல்லோர் மூக்கையும் அளந்தார். அந்த ஊர்ப் பாவாயி அக்கா பொறுமையாக மூக்கைக் காட்டிவிட்டுச் சொன்னாள்: "அப்படியே எங்க கெணத்தையும் அளந்துட்டுப் போங்க, சாமி. அதுவும் மூக்காட்டம் அடைச்சுக் கெடக்குதுங்க."

கல்யாணம்

சில வருசம் கழித்து இன்னொருவர். மூக்கெல்லாம் பழைய கதை என்றார். இவருக்குச் சடங்குதான் வேண்டும். சீர் யார் செய்வது, மாமன் எங்கே நிற்பது என்று பொழுது சாயும்வரை கேட்டார். பாவாயி அக்கா எல்லாம் சொல்லிவிட்டு முடித்தாள்: "இத்தனையும் செஞ்சு கூட்டியாந்த மருமக, தண்ணிக்கு நடக்க மாட்டாம பொறந்த ஊட்டுக்கே போயிட்டாளுங்க. அதையும் எழுதிக்கங்க."

ஒற்றுமை

பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம், காலேஜ் வாத்தியார் ஒருவர் நாலு மாணவர்களோடு வந்தார். ஊர் எப்படிக் கூடி வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டுமாம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பாவாயி அக்கா சிரிக்கவில்லை. "பாக்கலாமுங்க. ஆனா மொதல்ல விருந்தாளி கெணத்துல எறங்கோணும். அதுதானுங்க எங்கூரு வழக்கம்" என்றாள். அப்படி ஒரு வழக்கத்தை அந்த ஊரே அன்றைக்குத்தான் கேட்டது.

மாணவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் மம்முட்டி பிடித்த லட்சணத்தைப் பார்க்கச் சகிக்காமல் மேல வளவான் ஒருவன் குதித்தான். அவன் பெயர் வாங்கிவிடுவானோ என்று கீழ வளவில் மூன்று பேர் குதித்தார்கள். பிறகு யார் முதலில் இறங்கியது என்ற பேச்சே இல்லை. கூடை கூடையாகச் சேறு மேலே வந்தது.

வாத்தியார் பூரித்துப்போய், "இந்த ஊரில் சண்டையே கிடையாதாம்மா?" என்று கேட்டார். அக்கா அவர் கையில் சேற்றுக் கூடையைக் கொடுத்தாள். "இருக்குதுங்க, சாமி. தண்ணி ஊறட்டும், அப்பறமா சொல்றனுங்க."

காலத்துக்கு ஒரு கேள்வியோடு வந்தவர்கள் பலர். வந்தவர்களிடம் வேலை வாங்கியது பாவாயி அக்கா ஒருத்திதான்.