கூலருக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர்

டாக்டரையாவது சும்மா நலம் விசாரிக்கக் கூப்பிடுவார்கள். என்னைப் போன்ற கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. வேலை பாதியில் இருக்கும்போது திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் மெமரி கோளாறு என்று உங்களுக்கும் வந்திருக்கிறதா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். இது டெல்லியில் புது சிஸ்டம் சாஃப்ட்வேர் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்த ஒரு ஜூன் மாதத்தில் நடந்தது.

எல்லா நோய்க்கும் ஒரே மருந்து

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் சண்முகத்தாய் என்ற திருநெல்வேலிப் பெண்மணி இருந்தார். ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸை வீட்டிலேயே டைப் செய்து கொடுப்பார். மாடி வீட்டு வர்மாஜி நல்லெண்ணத்தோடு வந்து புது சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் சில நிமிடம்கூட ஓடவில்லை. ஒரு மாணவியின் முழு தீசிஸும் அதற்குள் இருந்தது. திங்கட்கிழமை கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். பிளாப்பியில் எடுக்கப் போனாலும் பாதியில் நீலத் திரை.

நான் போனபோது வர்மாஜியும் அங்கே இருந்தார். ஹார்ட் டிஸ்கைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. "ஃபார்மட் மார் தோ, பாயி சாஹப்!" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். டெல்லியில் அன்று தலைவலிக்கும் அதுதான் மருந்து.

சண்முகத்தாய்க்கு ஹிந்தி அரைகுறை. ஃபார்மட் என்ற சொல் மட்டும் நன்றாகப் புரிந்தது. "அண்ணாச்சி, என்னமும் செய்ங்க. அந்தப் பிள்ளையோட உழைப்பு அம்புட்டும் உள்ள கெடக்கு, அழிச்சிராதிய!"

ரப்பர் வைத்தியம்

பேச்சு கேட்கவில்லை என்று சண்முகத்தாய், தண்ணீரில் நனைந்த தட்டி வழியே காற்றை இரைந்து வீசிக்கொண்டிருந்த கூலரை நிறுத்தினார். நான் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, மெமரிப் பட்டைகள் இரண்டையும் உருவினேன். அவற்றின் பற்களில் அழுக்குப் படிந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பது எங்கள் தொழில் வழக்கம். தேய்த்துப் பொருத்தினேன். ஓடியது! பிளாப்பியில் காப்பி எடுக்க ஆரம்பித்தேன்.

சண்முகத்தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வேர்க்கிறதே என்று கூலரைப் போட்டார். கம்ப்யூட்டர் பெட்டியின் மேலிருந்த தட்டை எடுத்து முறுக்கு நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் திரை நீலமாகிவிட்டது.

வர்மாஜி என் கையிலிருந்த ரப்பரையே பார்த்தார். "அழித்து அழித்து எழுத இது என்ன பாயி சாஹப், பள்ளிக்கூட நோட்டா?"

முறுக்கு

நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். கடிபடவில்லை, ரொட்டி மாதிரி வளைந்தது. "காலையிலதான் சுட்டேன் அண்ணாச்சி, எப்படி நமுத்துச்சுன்னு தெரியலையே" என்றார் சண்முகத்தாய்.

என் மனைவி இருந்தவரை, ஈரத்தில் நமுத்துவிடும் என்று முறுக்கு டப்பாவைக் கூலர் இருக்கும் அறைக்குள்ளேயே விடமாட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். கூலரின் வாய் நேராகக் கம்ப்யூட்டரைப் பார்த்து இருந்தது. சூடாகக் கூடாதென்று யாரோ சொன்னார்களாம். வீட்டில் உள்ளவர்கள் ஓரத்தில் வியர்க்க, ஈரக்காற்று முழுவதையும் அதுதான் வாங்கிக்கொண்டிருந்தது.

கூலரை அணைத்துவிட்டு மெமரிப் பட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டாவது பட்டையின் பற்களில் வேர்வரை பச்சைத் துரு பூத்திருந்தது. அது ரப்பருக்கு அடங்காது. பழைய சிஸ்டத்துக்குக் கொஞ்சம் மெமரி போதும். இந்த இரண்டாவது பட்டையின் பக்கமே அது போயிருக்காது. புதுசுக்குப் பசி அதிகம். அங்கேயும் கை வைத்திருக்கிறது. கெட்ட பட்டையை வெளியே போட்டேன், நல்லதைத் துடைத்து மாட்டினேன். மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் நிற்கவில்லை. தீசிஸ் கடைசி அத்தியாயம்வரை பிளாப்பிகளில் இறங்கியது.

விஷயத்தைக் கேட்ட வர்மாஜி வாய்விட்டுச் சிரித்தார். "அச்சா! தோ கூலர் கோ ஃபார்மட் மாரியே!" அப்படியானால் கூலரைத்தான் ஃபார்மட் செய்ய வேண்டுமாம்.

சண்முகத்தாய் கூலரைத் தன் நாற்காலிப் பக்கம் திருப்பிவைத்து, அதன் எதிரே உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நாங்க வேர்த்து வடிஞ்சு, இந்தப் பெட்டிக்குல்லா காத்து விட்டிருக்கோம், பாத்தியளா!"

தரியாகஞ்ச் நடைபாதையில் வாங்கி நானாகப் படித்த கம்ப்யூட்டர் புத்தகங்கள் எதிலும் முறுக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் மனைவியை எழுதச் சொல்லியிருந்தால் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பாள்.