மாமன் சட்டைப் பையில் ஒரு பட்டாம்பூச்சி

என் மகளுக்குக் காது குத்திய அன்று அவள் போட்டிருந்த கவுனை எடுத்துக் கொடுத்தது யார்? என் அண்ணனா, நானா? யாராவது கேட்டால், "மாமன் எடுத்துக் கொடுத்தது" என்று சட்டென்று சொல்லிவிடுகிறேன். சொன்னது பொய்யா உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் சீர்த்தட்டில் வைத்துக் கொண்டுவந்த உடையைத்தான் உடுத்திக்கொண்டு உட்கார வேண்டும். பெற்றவர்கள் எவ்வளவு விலையில் எடுத்திருந்தாலும் அது அன்றைக்குப் பைக்குள்தான் இருக்கும். இதெல்லாம் தெரியாதவள் இல்லை நான். தெரிந்தும் அந்தப் படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன்.

படம் முதலில் என் நாத்தனாரிடமிருந்து வந்தது. அவர் என் கணவரின் அக்கா, கோயமுத்தூரில் இருக்கிறார். அவருக்கும் என் மகள் வயதில் ஒரு பெண். லாவண்டர் நிறத்தில் நெட் கவுன், பின்னால் இழுபடும் நீண்ட வால், தோள் இரண்டிலும் துணியில் செய்த பட்டாம்பூச்சிகள். கோயமுத்தூரிலேயே ஒரு டிசைனர் கடையில் எடுப்பது. "ரெண்டு பாப்பாவும் ஒரே மாதிரி போட்டா போட்டோவுல எப்படி இருக்கும்! உனக்கும் ஒண்ணு சொல்லிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். படத்தின் கீழே விலை இருந்தது. ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் வாங்கும் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

"முடியாதுக்கான்னு சொல்லிப்போடு" என்றார் என் கணவர். அவருக்குச் சுலபம், அது அவருடைய அக்கா. நான் "பாத்துச் சொல்றேங்க்கா" என்று எழுதிவிட்டு, அதே படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்றால் பழக்கம்தான். எந்தக் காலேஜ், எந்த போன், பார்க்க வந்த மாப்பிள்ளை எப்படி, எல்லாவற்றையும் அவனிடம் கேட்டே வளர்ந்தவள். "அண்ணா, நாத்தனார் அவங்க பாப்பாவுக்கு எடுக்கறாங்க. இது எப்படி இருக்கு?" அவ்வளவுதான் எழுதினேன்.

அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியில் டிரில்லர். வருடத்தில் பெரும்பகுதி வடமாநிலங்களில்தான். அப்போது அங்கே மழைக்காலம், போர் போட முடியாமல் வண்டி ஏதோ ஒரு ஊர் எல்லையில் நின்றுகொண்டிருந்தது. வேலை நின்றால் பேட்டா கிடையாது. உடனே குரல் செய்தி வந்தது.

"சூப்பரா இருக்குது அம்முணி. மாமன் நானிருக்கறப்ப இதெல்லாம் நீ கேக்கோணுமா? உட்டுப்போடு, நான் பாத்துக்கறேன்."

கேட்ட பிறகுதான் உறைத்தது. காதுகுத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு தங்கை, விலையோடு ஒரு உடையின் படத்தைக் குழந்தையின் மாமனுக்கு அனுப்பினால் அதற்கு வேறு என்ன பொருள்? "வேண்டாம் அண்ணா" என்று தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன். வேண்டாம் என்றால் உன்னால் முடியாது என்று சொல்வதாகிவிடும். சரி என்றால் நிற்கும் வண்டியிலிருந்து பிடுங்குவதாகிவிடும். எதுவும் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருந்தது சம்மதமாகிவிட்டது.

மறுநாள் காலை நங்கை போனில் கூப்பிட்டார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளோடு தனியாகக் குடும்பத்தை ஓட்டுகிறவர்.

"ஏனுங்க அம்முணி, உங்கண்ணன் மொதலாளிகிட்ட அட்வான்சு கேட்டிருக்கறாருங்க. எதுக்குன்னு தெரியுங்களா? பட்டாம்பூச்சி புடிக்கறதுக்கு."

"ஐயோ நங்கை, நான் கேக்கவே இல்லீங்க. எப்படி இருக்குதுன்னுதான்…"

"எப்படி இருக்குதுன்னு என்னைக் கேட்டிருக்கலாமுல்லீங்க. நல்லாருக்குது, நமக்கு வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"நான் அண்ணன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேங்க."

"சொல்லிப் பாருங்க. என்ற தங்கச்சிக்கே என்ற மேல நம்பிக்கையில்லன்னு சோறு உங்காம கெடப்பாரு. அங்க வண்டி நிக்கற கவலை பத்தாதுன்னு இது வேற."

பாப்பா என் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருந்தாள். நங்கை குரலைத் தாழ்த்தினார்.

"அதே மாதிரி வேற எங்கயாச்சும் கெடைக்குமுங்களா? காசை எனக்குத்தான் அனுப்பச் சொல்லியிருக்கறன், ஆர்டர் போடறதும் நானுதான். அவருக்கு நெட்டுத் துணிக்கும் கொசுவலைக்கும் வித்தியாசம் தெரியாதுங்க."

அந்த இடத்திலாவது முடியாது என்று சொல்லியிருக்கலாம். "தேடிப் பாக்கறேங்க" என்றேன்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். படத்தில் அச்சு அசல் அதேதான். வந்தது தண்ணீர் கலந்த மை நிறம், பிளாஸ்டிக் வாடை. போட்டுப் பார்த்த சற்று நேரத்தில் பாப்பாவின் கழுத்து சிவந்து தடித்தது. திருப்பி அனுப்பினேன். அடுத்து சேலம். மழைத் தூறலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினேன். எங்கே கேட்டாலும் கத்திரிப்பூ நிறத்தை எடுத்துப் போட்டு, "இதும் லாவண்டர் மாதிரிதாங்க மேடம்" என்றார்கள். நாத்தனாரின் மகள் அசலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பாள் என்பது அந்தக் கடைக்காரர்களுக்கு எங்கே தெரியும்?

கடைசியில் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு டான்ஸ் டிரஸ் தைத்துக் கொடுக்கும் அக்காவின் ஞாபகம் வந்தது. போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தச்சுரலாமுங்க டீச்சர்" என்றார். நிறம் ஓரளவு பொருந்தும் நெட்டும் அவரிடமே இருந்தது. போன வருடம் தேவதை வேஷத்துக்கு வாங்கி மிஞ்சியது.

"டான்ஸ் டிரஸ் மாதிரி மட்டும் இருக்கக் கூடாதுங்க."

"காதுகுத்துக்குத்தான? உள்ள பருத்தி வெச்சுடறேன். அழுவுற புள்ளைக்கு வேர்க்கும். ஆனா இந்தப் பட்டாம்பூச்சிய ஒவ்வொண்ணா கையில வெச்சுத் தைக்க எனக்கு நேரமில்லீங்க. ஆகஸ்ட் பதினஞ்சு டான்சுக்கு ரெண்டு ஸ்கூல் ஆர்டர் கெடக்குது."

பட்டாம்பூச்சிகளை வெட்டி மட்டும் கொடுத்தார். அவற்றை நான்தான் வீட்டில் உட்கார்ந்து பசை போட்டு ஒட்டினேன். தைத்திருக்க வேண்டும். ஊசியைக் கையில் எடுத்தேன், நெட் கிழிந்துவிடுமோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

கூலியை நான் கொடுத்துவிடுகிறேன் என்றபோது நங்கை சீறினார். "நீங்க குடுத்தா அது எப்படிங்க மாமன் சீராகும்?" அண்ணன் அனுப்பியதிலிருந்து அவரே கொடுத்தார். அண்ணனிடம் அந்தக் கடையிலேயே வாங்கியதாகச் சொல்லிவிட்டாராம். மிச்சத்தைப் பையனின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டியதாக, நான் கேட்காமலேயே சொன்னார். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆக, அண்ணன் காசில் வந்த உடைதான், ஆனால் தேடியதும் ஒட்டியதும் நான். அதனால்தான் முதலில் சொன்ன கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆவணியில் குலதெய்வம் கோயிலில் விசேஷம். அண்ணன் ரயில் ஏறி வந்து சேர்ந்தான். கறுத்து, கன்னம் ஒட்டி. ஆனால் சீர்த்தட்டை மற்ற யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்தான். ரிப்பன் கட்டிய பெட்டியைத் திறந்து கவுனை விரித்துக் காட்டி, என் நாத்தனாரைப் பார்த்துச் சொன்னான்:

"உங்க பாப்பாவுக்கு எடுத்த அதே கடையிலதானுங்க எங்க பாப்பாவுக்கும். வித்தியாசம் இருக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன்."

பாப்பாவுக்குப் போட்டுவிட்டேன். நாத்தனாரின் மகளையும் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். போட்டோக்காரர் இருவரையும் ஒட்டி நிற்கச் சொன்னார். நாத்தனார் வாலைச் சரிசெய்வதற்காகக் குனிந்தார். நெட்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்தார். விரல் நின்றது. ஓரத்தை லேசாகத் திருப்பினார். உள்ளே வெள்ளைப் பருத்தி. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அண்ணன் கை எட்டும் தூரத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருந்தான். சுற்றிலும் விசேஷத்துக்கு வந்த ஒறம்பரை. என் மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏஞ்சாமி, இது ஒண்ணு மட்டும் கொஞ்சம் மங்குன மாதிரி இருக்குது?" என்று கேட்டார்.

நான் பாப்பாவைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"வெளிச்சத்துல அப்படித் தெரியுதும்மா" என்றார் நாத்தனார். "அதே கடைதான். அதே துணிதான்."

ஓரத்தைக் கீழே விட்டுவிட்டு எழுந்தார். அதன் பிறகு அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது பெருந்தன்மையா, பிறகு ஒருநாள் பேசுவதற்காக எடுத்து வைத்ததா என்று இன்னும் புரியவில்லை. நன்றி சொல்லலாம் என்று போனை எடுப்பேன். எதற்கு நன்றி என்று அவர் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று வைத்துவிடுவேன்.

பாப்பா மாமன் மடியில் உட்கார்ந்தாள். முதல் காதில் ஆசாரி ஊசியை வைத்ததும் கோயிலே கேட்கும்படி அலறினாள். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல, மாமன் இருக்கறன்ல" என்று அண்ணன் அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். அவன் கண்ணும் நிறைந்திருந்தது. இரண்டாவது காதுக்கு அவள் திமிறித் திரும்பியபோது, தோளிலிருந்த ஒரு பட்டாம்பூச்சி பெயர்ந்து அவன் வேட்டியில் விழுந்தது.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் அதை எடுத்துப் பார்த்தான். திருப்பினான். அடியில் காய்ந்த பசை மஞ்சளாக இருந்தது.

"அம்முணி, இதப் பாரு! ஒட்டிப்போட்டிருக்கறான். இத்தன காசு வாங்கிப்போட்டு நூல் போட்டுத் தைக்க முடியலயாமா அவனுக்கு?"

"பரவால்ல அண்ணா, நான் வெச்சுத் தச்சுக்கறேன்."

"நீ எதுக்குத் தைக்கோணும்? இத நான் உடமாட்டேன். தீபாவளிக்கு வாரப்ப நேராக் கோயமுத்தூருக்கே போயி, கேட்டுப்போட்டுத்தான் ஊட்டுக்கு வருவேன். அன்னைக்குப் பாப்பா சட்டைய மாப்பளகிட்டக் குடுத்து அங்க அனுப்பிடு. அதுவரைக்கும் தொவைக்காத, அப்படியே இருக்கட்டும்."

பட்டாம்பூச்சியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான். நான் நங்கையைத் தேடினேன். அவர் பந்திக்கு இலை போடுவதில் மும்முரமாக இருப்பவர்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மழை விட்டு ரிக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அண்ணன் கூப்பிடும்போதெல்லாம், "சட்டைய வெச்சிருக்கற இல்ல?" என்று கேட்கிறான். போன வாரம் புதிதாக ஒன்று: "உன்ற நாத்தனாருக்கு அந்தக் கடை தெரியுமே. எந்த ரோட்டுல இருக்குதுன்னு கேட்டுச் சொல்லு. அவங்களும் கூட வந்தா நல்லாத்தான் இருக்கும்."

அவன் கடையில் சண்டை போடுகிற ஆளே இல்லை. டீயில் சர்க்கரை இல்லை என்றால்கூடச் சொல்லாமல் குடித்துவிட்டு எழுந்து வருகிறவன். எனக்காகத்தான் போகிறான். கண்ணை மூடினால் அந்தக் கடை தெரிகிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே யார் யாரோ. இவன் கவுனை மேசையில் வைத்து, பையிலிருந்து பட்டாம்பூச்சியை எடுத்து வைக்கிறான். கடையில் நிற்கும் பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது எங்க பீஸ் இல்லைங்களே" என்கிறாள். அவன் அங்கே நிற்கிறான். அவன் அப்படி நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நங்கையிடம் சொன்னேன். "தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிப்போடுங்க" என்கிறார். மாமன் சீர் தொலைந்தது என்று எப்படிச் சொல்வது? "நெசத்தச் சொன்னீங்கன்னா எனக்கும் உங்களுக்கும் பேச்சே இல்லீங்க" என்றும் சொல்கிறார். அவர் பயமும் நியாயம்தான். நான் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வது அவர்தான். கடையில் கொடுத்துச் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பட்டாம்பூச்சி அவனிடம் இருக்கிறது.

பாப்பாவோ பீரோவைத் திறக்கும்போதெல்லாம் "மாமா சட்ட, மாமா சட்ட" என்று கையை நீட்டுகிறாள். அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

தீபாவளி நெருங்குகிறது. இதைப் படிக்கிறவர்களில் தங்கைக்குச் சீர் செய்த அண்ணன்மார்கள் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். இந்த விஷயம் கடையில் யாரோ ஒருத்தி சொல்லித் தெரிவதைவிட, தங்கையே சொல்லித் தெரிந்தால் உங்களுக்கு வலி குறையுமா? அல்லது அதுதான் அதிகமாக வலிக்குமா? சொல்லத்தான் வேண்டும் என்றால், நங்கையை மாட்டிவிடாமல் பேச்சை எப்படித் தொடங்குவது? முதல் வார்த்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள், மீதியை எப்படியாவது நானே சொல்லிக்கொள்கிறேன்.