இறந்த மூன்றாம் நாள் கேட்ட பாடம்

ஹுரைத் இப்னு கர்தம் மோசுலின் ஆளுநராக ஏழு ஆண்டுகள் இருந்தார். செருப்புத் தைப்பவரின் மகன். நபிமொழிகளை அறிந்தோரைத் தேடி இருபது ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தவர். பதவியை இருமுறை மறுத்தார். மூன்றாம் முறை மறுக்க விடவில்லை. வியாழன்தோறும் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் கிழக்குத் தூணில் சாய்ந்து, தாம் கேட்டவற்றை யார் வழியாகக் கேட்டார் என்ற பெயர்வரிசையோடு சொல்வார். அதை எழுதுவதும், வந்திருந்தோரின் பெயர்களைக் கீழே குறிப்பதும் என் பணி. எழுதும் தோல் விற்றுக்கொண்டே எழுத்துக் கற்றவன் நான்; ஒரு துண்டையும் எறிந்ததில்லை.

அவர் வரலாற்றை எழுதியோர் கடைசிப் பாடத்தை விட்டுவிட்டனர். அது இது.

கால்வாய் வழக்கொன்றை விசாரிக்க அவர் நஸீபினுக்குப் போயிருந்தார். அந்த வியாழன் பழைய பாடத்தைப் படித்துப் பார்க்க எட்டுப் பேர் கூடினோம். அவர் தூணில் சாய்ந்திருந்தார். வந்ததை எவரும் பார்க்கவில்லை. வாக்கியத்துக்கு ஒருமுறை இருமுபவர், அன்று இருமவே இல்லை. விரலில் முத்திரை மோதிரம் இல்லை. இறந்தவர் உடலைக் குளிப்பாட்டும் நீரில் போடும் இலந்தை இலையின் ஈர வாடை அவர்மேல் அடித்தது. நீர்க்குவளையை நகர்த்தினேன்; அது எதற்கென்று மறந்தவரைப் போல அதைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, பக்கத்து வீட்டுக்காரன் உரிமையைப் பத்தி ஒரு நபிமொழி சொன்னேனே, அது நேரா ஷேக் ஸுபைஹ் வாயால நான் கேட்டதில்ல. நடுவுல ஒருத்தர் இருக்கார். துஃமா, நஸீபின்ல உப்பு சுமந்தவர். கூலிக்காரர் பேரைச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுட்டேன். சேர்த்து எழுது."

எழுதினேன். எட்டுப் பெயர்களையும் குறித்துவிட்டு நிமிர்ந்தபோது தூண் வெறுமையாக இருந்தது.

சனிக்கிழமை கடிதம் வந்தது. ஆளுநர் செவ்வாய் விடியலில் நஸீபினில் இறந்தார். நண்பகலுக்குள் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

ஞாயிறன்று அந்த எட்டுப் பேரில் அறுவர் என் வீட்டுக்குக் கத்தியோடு வந்து, தோலிலிருந்து தங்கள் பெயர்களைச் சுரண்டினார்கள். துணிவணிகர் அர்தாத், "அண்ணே, பைத்தியக்காரப் பட்டியல்ல என்னை வச்சிராதீங்க, பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது" என்றார். பார்வையற்ற முதியவர் ஹுனைஸ் மட்டும் வரவில்லை. நான் அவரைத் தேடிப் போனேன். "உசுரோட இருந்தப்பவும் எனக்கு அவர் வெறும் குரல்தானேப்பா. கேட்டேன். கேட்டதைச் சொல்வேன்" என்றார்.

என் நிலை இதுதான்: இதைச் சொன்னால் பொய்யன் எனப்படுவேன், அதன்பின் நான் அறிவித்த எதையும் எவரும் ஏற்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் பிழையென்று தெரிந்தே பிழையைப் பரப்புவேன்.

நஸீபினுக்குப் போனேன். துஃமா இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. உப்புக் களத்தில் அவர் மகன் வஹ்பானைக் கண்டேன். நான் கேட்குமுன்பே அவன் சொன்னான்: "எங்கப்பாவைக் கேட்டு வர்ற ரெண்டாவது ஆளு நீங்க. போன மாசம் ஒரு புதன்கிழமை ஒரு பெரியவர் வந்தார். அப்பா பேரை மறைச்சிட்டேன், மன்னிச்சிருன்னார். அப்பா செத்துப்போயிட்டாரேன்னேன். 'அவரைப் பார்த்துட்டேன். மகன்கிட்டயும் கேட்கச் சொன்னார்'ன்னார்."

அவன் வாக்குமூலத்தை இரு சாட்சிகள் முன் எழுதி வாங்கினேன். திரும்பியபோது ஹுனைஸ் இறந்திருந்தார். அறிஞர் அவையில் எல்லாத் தோல்களையும் வரிசையாக விரித்தேன். உப்புக்கார வஹ்பானின் நம்பகம் எவருக்கும் தெரியாது என்று அவன் வாக்குமூலத்தைத் தள்ளினர். அவைத் தலைவர் என்னைத் தனியே அழைத்தார்.

"துஃமா பேரை நாங்க ஏத்துக்கறோம். உன்மேல எங்களுக்கு வருத்தமும் இல்ல. தேதியை மட்டும் மாத்து. ஆளுநர் நஸீபினுக்குக் கிளம்பறதுக்கு முந்தின வியாழன்னு போடு. முடிஞ்சது."

"அன்னைக்கு அவர் இதைச் சொல்லலையே, ஷேக்."

"நல்லா யோசி."

யோசித்தேன். அந்த ஒரு தேதியை மாற்றினால், நான் எழுதியவற்றில் அதுதான் முதல் பொய்யாக இருக்கும். மறுத்தேன். மறுநாள், 'பொய்யன், இவனிடமிருந்து எழுதாதீர்' என்று அவை அறிவித்தது. அந்த அறிவிப்பின் நகலும் என்னிடம் உள்ளது.

இன்று மோசுலில் அனைவரும் அந்த நபிமொழியைத் துஃமா பெயர் இல்லாமல் சொல்கிறார்கள். நான் இவ்வாறு சொல்கிறேன்: ஹுரைத் இறந்த மூன்றாம் நாள், வியாழன், அஸருக்குப் பின் அவரிடம் கேட்டேன், அவர் துஃமாவிடம் கேட்டார், துஃமா ஸுபைஹிடம் கேட்டார்.