கழுத்து லைன் இன்னைக்கும் வேணுமா?

பூஜ்யம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தொங்கும் வெள்ளைப் பலகையில் இந்த ஆண்டு முழுக்க அந்த எண்தான். கழுத்தில் போட்ட குழாய் வழியாக எத்தனை நோயாளிகளின் ரத்தத்தில் கிருமி ஏறியது என்ற கணக்கு அது. அதை ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு நர்ஸ் இருக்கிறார். பட்டப்பெயர் ‘கேமரா’. வைத்தவர்கள் இளம் டாக்டர்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடுகூட நின்றுகொண்டுதான். கை கழுவ இடைஞ்சலாகக் கடிகாரம் மணிக்கட்டில் இருக்கக் கூடாது என்பதால் கோட்டுப் பையில் தலைகீழாகத் தொங்கும். இவரோடு சினிமாவுக்குப் போக முடியாது, திரையில் வரும் டாக்டர் கை கழுவவில்லை என்று சத்தமாகத் திட்டுகிறார் என்பது கணவரின் புகார்.

குழாயில் மருந்து ஏற்றும் முன் அதன் முனையை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்க்க வேண்டும். யாராவது ஒப்புக்குத் தொட்டுவிட்டு எடுத்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: “என்ன, பஞ்சுக்கு வலிக்குமா?”

காலை ரவுண்டில் ஒவ்வொரு படுக்கையிலும் ஒரே கேள்வி: “இந்த லைன் இன்னைக்கும் வேணுமா?” குழாய் எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து. இருக்கட்டுமே சிஸ்டர், ரத்தம் எடுக்கச் சுலபமாக இருக்கிறது என்று யாராவது இழுப்பார்கள். “சுலபம் நமக்கு. காய்ச்சல் அவருக்கு” என்பார். குழாய் வெளியே வந்துவிடும்.

போன வாரம் அங்கே வந்து படுத்தவர் கேமராவின் தங்கை கணவர். குடலில் ஓட்டை, அவசர அறுவைச் சிகிச்சை, ரத்த அழுத்தம் தரைமட்டம். வீரியமான மருந்துகளை ஏற்றக் கழுத்தில் லைன் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அந்த மருந்துகள் நின்றன. அன்றே லைனும் போயிருக்க வேண்டும்.

அன்று காலை தங்கை வராண்டாவில் வழிமறித்தாள். அட்மிட் ஆன அன்று ரத்தம் எடுக்கக் கையில் குத்திக் குத்தியதில் அவர் குழந்தை மாதிரி அழுததைச் சொன்னாள். “இனிமே அந்தக் குழாயிலயே ரத்தம் எடுக்கச் சொல்லேன்கா. நீ சொன்னா கேப்பாங்க.”

கேமரா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரவுண்டில் அந்தப் படுக்கைக்கு வந்தபோது கேள்வியைக் கேட்காமல் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார், அவ்வளவுதான். கேமராவே பேசாமல் போனால் காரணம் இருக்கும் என்று பொறுப்பு நர்ஸ் நினைத்தார். கேமராவே கேட்கவில்லையே என்று டாக்டரும் விட்டார். சனி, ஞாயிறு அப்படியே ஓடின. வீட்டில் கேமரா சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வார்டுக்குச் சொல்ல இரண்டு முறை போனை எடுத்தார், வைத்தார்.

திங்கள் காலை தங்கை கணவருக்குக் கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். கொதிக்கிற காய்ச்சல். புதிதாக டூட்டிக்கு வந்த டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, இந்த லைன் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டார். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

“நான்தான் கேக்கலை” என்றார் கேமரா. “என் தங்கச்சி வீட்டுக்காரர்.”

லைனை எடுத்தார்கள். ரத்தம் பரிசோதனைக்குப் போனது. கேமரா வராண்டாவுக்குப் போய்த் தங்கையிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தங்கை அக்காவின் கைகளைப் பார்த்தாள்.

“சின்ன வயசுல ஒரு பென்சில் கேட்டாக்கூடக் குடுக்க மாட்டே. இதை மட்டும் ஏன்கா குடுத்தே?”

அக்கா நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றார்.

புதன்கிழமை முடிவு வந்தது: கிருமி வளர்ந்திருந்தது. காய்ச்சல் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தாலும் மருந்து இன்னும் இரண்டு வாரம் ஓடியாக வேண்டும். பலகையில் இருந்த பூஜ்யத்தைக் கேமராவே அழித்து ஒன்று என்று எழுதினார். தன் உறவினர் யார் வந்து படுத்தாலும் அந்தப் படுக்கையில் அந்தக் கேள்வியை இனிப் பொறுப்பு நர்ஸ்தான் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை ரத்தம் கையிலிருந்து எடுத்தார்கள். தங்கை பக்கத்தில் நின்று கணவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது குத்தில் வந்தது.