நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டவர்

முடிவெட்டுவது அவர் தொழில். கேட்பது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி ஊர்க்கதை முழுவதையும் கேட்டவர் நம் ஆள். மகன் மதிப்பதில்லை என்று ஒரு பெரியவர் வந்து புலம்புவார். மறுநாள் அதே நாற்காலியில் அந்த மகன் உட்கார்ந்து அப்பாவைத் திட்டித் தீர்ப்பான். இருவருக்கும் இவர் பதில் ஒன்றுதான்: "அதுவும் சரிதான்." கேள்வி மட்டும் கேட்கவே மாட்டார். கேட்டால் பதில் சொல்ல உட்கார்ந்திருப்பவர் தலையைத் திருப்புவார். காதோரம் கத்தி இருக்கும்போது அது நல்லதா? கவனம் முழுக்க முடியில், பேச்சுக்குத் தலையாட்டல். கடை அமோகமாக ஓடியது.

வினை என்னவென்றால், அதே காதோடுதான் அவர் வீட்டுக்கும் வந்தார்.

கடை விடுமுறையன்று துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம் இருந்த மகள் வந்து என்னென்னவோ சொல்லிவிட்டு, "படிப்ப விட்டுடலாம்னு இருக்கேம்ப்பா" என்றாள்.

"அதுவும் சரிதான்."

சற்று நேரத்தில் மனைவி வந்தாள். "அவ படிப்ப நிறுத்தவே கூடாதுங்க."

"அதுவும் சரிதான்."

மறுநாள் சாயங்காலம் வீடு ரெண்டுபட்டது. "அப்பாவே சரின்னுட்டாரு" என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். விலகல் கடிதத்தை மகள் எழுதியே முடித்திருந்தாள். காலையில் கல்லூரியில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஏங்க, நீங்க யார் பக்கம்?" என்றாள் மனைவி.

மனிதருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கம் கிடக்கட்டும், பெண் எதற்காக விடுகிறாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மகளின் அறைக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தார். கத்தரி இல்லாத கைகளை என்ன செய்வதென்று புரியாமல் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"ஏம்மா விடணும்?"

அவள் முறைத்தாள். "அதான் நேத்தே சொன்னேனே."

"நான் ஒழுங்கா கேக்கலம்மா. தப்பு என்மேலதான். இன்னொரு தடவை சொல்லு."

ஒரு வாரம் அவள் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்துபோயிருந்தார். அரைமணி நேரத்தில் விரிப்பை மாற்றி அடுத்தவரைப் படுக்க வைக்கச் சொன்னார்களாம். சொல்லிவிட்டு நிறுத்தினாள். 'அதுவும் சரிதான்' அவருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"அன்னிக்கு அழக்கூட இல்லப்பா. நான் என்ன மனுஷின்னு பயமா இருக்கு."

"அப்புறம்?"

அழுகை உடைந்தது. அழுதுகொண்டே பேசினாள், வெகுநேரம். வாசலில் நின்றிருந்த மனைவியும் மெல்ல வந்து உட்கார்ந்தாள்.

"நான் விடவா, வேணாமாப்பா?"

"எனக்குத் தெரியலம்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைக்காமல் மேஜை டிராயரில் போட்டாள். அவர் எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்கப்பா" என்றாள். "இன்னும் சொல்லி முடிக்கல."