கறுப்பு மை பூசிய லேபிள்

போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை. காலைப் பசியாறல் முடிந்து உணவுச் சட்டங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எந்த விதி எந்த ஆண்டில் வந்தது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது... என் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

என் மனைவி ஜமீலா, டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டிலேயே இறால் சம்பல் செய்து பாட்டிலில் விற்கிறாள். மகளின் கல்லூரி விடுதிச் செலவு அதில்தான் ஓடுகிறது.

வியாபாரப் பதிவு இருக்கிறது. உணவு கையாள்வோருக்கான பயிற்சி, டைபாய்டு ஊசி, எல்லாம் முடித்துவிட்டாள். நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே இருந்தது அந்த வரி. முறையான சான்றிதழ் இல்லாமல் உணவுப் பொருளில் ‘ஹலால்’ என்று போடக் கூடாது. மீறினால் பெரிய அபராதம்.

எங்கள் லேபிளில் சம்பலின் பெயருக்குக் கீழேயே, கொட்டை எழுத்தில்... ஹலால்!

“நம்ம அடுப்புல ஹலால் இல்லாம வேற என்னாங்க வேகும்?” என்றாள் ஜமீலா.

“எனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியணுமே.”

“அப்ப சர்ட்டிபிகேட் எடுத்துருவோம் லா.”

விசாரித்தேன். குடும்பத்துக்குச் சமைக்கும் இடத்திலேயே வியாபாரத்துக்கும் சமைத்தால் கிடைப்பது கடினமாம். தனிச் சமையலறை வேண்டுமாம். எங்கள் வீட்டில் ஒருவர் தாளித்தால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும்!

இதற்கிடையில் சனிக்கிழமை, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் ஒரு கல்யாணம். விருந்தாளிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க எங்கள் சம்பலைக் கேட்டிருந்தார்கள். பாட்டில்கள் லேபிளோடு மேசையில் தயாராக நின்றன. யாராவது புகார் செய்தால்? மார்க்கர் பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் அந்த ஒரு சொல்லை மட்டும், ரூலர் வைத்து, பிசகாமல் கறுப்பாக்கினேன். புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

வியாழன் மதியம் போன். கல்யாணப் பெண்ணின் அம்மா, ரஹ்மத் அக்கா.

“அண்ணே, லேபிள்ல என்னாத்த அழிச்சிருக்கீங்க? வெளிச்சத்துல புடிச்சா ஹலால்னு தெரியுது! ஏன் அழிச்சீங்க? உள்ள என்னா போட்டீங்க?”

எழுதாமலே விட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? எழுதி அழித்தால்... யார்தான் கேட்க மாட்டார்கள்?

“அக்கா, சட்டப்படி பாத்தா...”

“சட்டத்த விடுங்கண்ணே. சம்பந்தி வீட்டுல பாத்தா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?”

இந்தக் கேள்வி ஒரே ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் போதும். சம்பல் முடிந்தது. மகளின் விடுதிச் செலவுக்கு எங்கே போவது?

ஜமீலா போனைப் பிடுங்கினாள். “அக்கா, பாட்டில எல்லாம் கார்ல போட்டுக்கிட்டு இங்க வாங்க. என் அடுப்பங்கரையப் பாருங்க. புடிக்கலன்னா வெச்சுட்டுப் போங்க.”

பாலம் தாண்டி வந்தேவிட்டார். செருப்பைக் கழற்றியவர் நேராகச் சமையலறைக்குப் போனார். ஐஸ்பெட்டியைத் திறந்தார். சம்பலுக்குப் போடும் பெலாச்சான், அந்த இறால் விழுதுப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். சட்டியின் அடியை விரலால் தடவினார். எண்ணெய் டின்னை மோந்துகூடப் பார்த்தார். எந்த அதிகாரி இப்படிப் பார்ப்பார்? நான் கதவோரம் நின்றேன்.

“ஒன் அடுப்பங்கர என்னுதவிட சுத்தம், தங்கச்சி” என்றார் கடைசியில். “இந்தக் கறுப்பத்தான் பாக்கச் சகிக்கல. லேபிள உரிச்சுரு, சும்மாவே கொண்டு போறேன்.”

“லேபிள் இல்லாம குடுக்கக் கூடாதுக்கா.” ஜமீலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அதுவும் சட்டமாம்.”

சூலியா தெரு அச்சகத்துக்கு ஓடினேன். பொருள்கள், காலாவதித் தேதி, முகவரி, எல்லாம் போட்டு, அந்தச் சொல் மட்டும் இல்லாமல் புது லேபிள். மூவரும் தரையில் உட்கார்ந்து ஒட்டினோம். சனிக்கிழமை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தி வீட்டிலிருந்தே ஆர்டர் வந்தது.

நேற்று ஒரு புது வாடிக்கையாளர் போனில் கேட்டார். “அக்கா, ஹலால்னு ஒண்ணும் போடலியே?”

“ஹலால்தான், தம்பி” என்றாள் ஜமீலா.

அப்படி வாயால் சொல்லலாமா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்!